பையைத் தூக்கினது யார்?

போன மாதம் என் பேரன் சென்னையிலிருந்து வந்திருந்தான். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே வலது காலை ஊன்ற முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முழங்கால் வீங்கியிருந்தது. "என்னடா ஆச்சு?" என்று என் மனைவி பதறினாள். "ஒண்ணுமில்ல பாட்டி, ஆபீஸ்ல கேம்ப் போட்டாங்க" என்றான்.

எங்கள் காலத்தில் ஆபீஸ் பயிற்சி என்றால் ஒரு ஹாலில் உட்காரவைத்து விடுப்பு விதிகளையும் பயணப்படி விதிகளையும் யாராவது வாசிப்பார். பதினொரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும் வரும். மத்தியானம் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அதில் முழங்கால் வீங்கியவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

இப்போது அப்படி இல்லையாம். பேரன் ஒரு தனியார் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறான். நாற்பது பேரை ஒரு மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போய் மூன்று நாள் 'கமாண்டோ பயிற்சி' கொடுத்திருக்கிறார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு விசில். முதுகில் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓட்டம். சேற்றில் தவழ்தல். நடுராத்திரியில் எழுப்பி மறுபடியும் ஓட்டம். மைதானத்தின் மூலையில் ஒரு பித்தளை மணியைத் தொங்கவிட்டிருந்தார்களாம். முடியாதவர்கள் போய் மணியை அடித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம். மணி அடித்தவர்களை வீடியோ எடுத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் இரவு பேரன் எனக்குப் போன் செய்தான். "தாத்தா, முட்டி திருகிக்கிச்சு. நாளைக்கு ஓட முடியுமான்னு தெரியல. மணி அடிச்சுடலாமான்னு இருக்கு" என்றான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அடிச்சுட்டு வந்துடுடா கண்ணா" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "ஒரு நாள்தானே. பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சுடு. மணியை மட்டும் அடிச்சுடாதே."

அவன் அடிக்கவில்லை. மூன்று வாரம் வீட்டில் படுத்திருந்தான். அதில் ஒரு வாரத்துக்கு சம்பளப் பிடித்தம்.

ஆகவே, கம்பெனி மேல் உள்ள கோபத்தில் மட்டும் இதை எழுதவில்லை. என் மேல் எனக்குள்ள கோபமும் சேர்ந்துதான் எழுதவைக்கிறது.

அந்த மணி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதை பேரனுக்கு அறிமுகம் செய்துவைத்தவனே நான்தான். அமெரிக்கக் கடற்படையில் 'சீல்' என்று ஒரு பிரிவு உண்டு. அதில் சேர விரும்புகிறவர்களுக்குக் கலிஃபோர்னியாவில் கொரனாடோ என்ற ஊரின் கடற்கரையில் பயிற்சி நடக்கிறது. அதில் ஒரு வாரத்துக்கு 'நரக வாரம்' என்றே பெயர். ஞாயிறு தொடங்கி வெள்ளி வரை குளிர்ந்த கடல், ஈர மணல், தலைக்கு மேல் ரப்பர் படகு. அந்த ஐந்தரை நாளில் மொத்தமே நான்கு மணி நேரம் போலத்தான் தூக்கம். முடியாதவர் மூன்று முறை மணி அடித்துவிட்டு, தன் ஹெல்மெட்டை வரிசையில் வைத்துவிட்டுப் போகலாம். வந்தவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் போகிறார்கள்.

அந்தப் பிரிவிலிருந்து அட்மிரல் ஆனவர் வில்லியம் மெக்ரேவன். 2014 மே மாதம் ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் அவர் பேசிய பேச்சு உலகம் முழுதும் சுற்றியது. காலையில் எழுந்ததும் உன் படுக்கையை நீயே சரிசெய், மணியை அடிக்காதே என்றெல்லாம் சொல்லியிருப்பார். நல்ல பேச்சு. எனக்கு மிகவும் பிடித்துப்போய் பேரனுக்கும் அனுப்பினேன். அவனுடைய மேலாளருக்கும் யாரோ அனுப்பியிருப்பார்கள் போலிருக்கிறது.

பேரன் படுத்திருந்த நாட்களில் ஒரு காலை, கடற்கரை சாலையில் நடைக்குப் போனபோது என் பள்ளித் தோழனிடம் இதைச் சொன்னேன். அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுபது தாண்டியவரை அவன் இவன் என்று எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். இங்கே பிரெஞ்சுப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே மிசேயிடம் ஒரே நாளில் அடி வாங்கியவர்கள் நாங்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தம் அமலுக்கு வந்து பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்கலாம் என்றார்கள். அவன் அப்பா எழுதிக்கொடுத்தார். என் அப்பா எழுதிக்கொடுக்கவில்லை. அந்த ஒரு தாளால் அவன் பிரெஞ்சு ராணுவத்துக்குப் போனான். நான் அரசாங்க ஆபீசில் எழுத்தரானேன். பாண்டிச்சேரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, எங்கள் ஊரில் இப்படி ஓய்வு பெற்று வந்தவர்களைச் 'சொல்தா' என்போம். ஜூலை 14 அன்று பதக்கங்களை மாட்டிக்கொண்டு யுத்த நினைவுச் சின்னத்தின் முன் நிற்பவர்கள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மணல் மூட்டை, மணி, வீடியோ, முழங்கால். பொறுமையாகக் கேட்டான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"பையைத் தூக்கினது யாருடா?"

எனக்குப் புரியவில்லை. "எந்தப் பை?"

"முட்டி திருகின பிறகு உன் பேரன் முதுகில இருந்த மூட்டையை யார் வாங்கிக்கிட்டாங்க?"

யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. மாறாக, கடைசியாக வந்ததற்குப் பத்து தண்டால் எடுக்கச் சொன்னார்கள். அதைச் சொன்னதும் அவன் சிரித்தான். "அப்ப அது பட்டாளப் பயிற்சி இல்லடா. பட்டாள வேஷம்."

பிரான்சுக்குப் போன முதல் குளிர்காலத்தில் தனக்கு நடந்ததைச் சொன்னான். நம் ஊர் மார்கழிப் பனியையே குளிர் என்று நினைத்துக்கொண்டிருந்தவன். நீண்ட நடைப்பயிற்சியில் பூட்ஸுக்குள் கால் கொப்பளித்துப் பாதி வழியில் நொண்ட ஆரம்பித்தானாம். கப்ரால் வாய்க்கு வந்தபடி திட்டினாராம். திட்டிக்கொண்டே இவன் துப்பாக்கியை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாராம். இவன் முதுகுப் பையிலிருந்ததை இரண்டு பேர் பிரித்துத் தங்கள் பையில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தன் பிரெத்தான் பிரதேசத்துக்காரன், இன்னொருத்தன் மார்த்தினிக் தீவுக்காரன். "திட்டினது எனக்கு மறந்துடுச்சு. தூக்கினது மறக்கல. அதுக்குப் பிறகு அந்த ரெண்டு பேருக்காக நான் எதையும் செஞ்சிருப்பேன். பயிற்சின்னா அதுதான்" என்றான்.

பிறகு அவன் ஜிபூத்தியில் இருந்த காலத்தைப் பற்றிச் சொன்னான். அங்கே அந்நியப் படையின் ஒரு பிரிவும் இருந்தது. பிரெஞ்சில் 'லெழியோன் எத்ரான்ழேர்' என்பார்கள். "முரட்டுப் பசங்க. ஆனா ஒருத்தன் விழுந்தா மத்தவன் போகமாட்டான்" என்றான். அன்று சாயங்காலமே நான் அந்தப் படையைப் பற்றித் தேடிப் பிரெஞ்சில் படிக்க உட்கார்ந்தேன். வயதான காலத்தில் பள்ளிக்கூடப் பிரெஞ்சு இப்படியாவது உதவுகிறதே.

1831 மார்ச் 10 அன்று லூயி பிலிப் மன்னர் உருவாக்கிய படை அது. உலகத்தின் எந்த நாட்டுக்காரரும் சேரலாம். முதல் ஒப்பந்தம் ஐந்து வருஷம். காலனி யுத்தங்களில் அந்தப் படை செய்தவை எல்லாம் பெருமைப்படக்கூடியவை அல்ல. காலனியில் பிறந்த நான் அதை மறைத்து எழுத மாட்டேன். ஆனால் ஒரு மனிதனை எப்படித் தயார்செய்கிறார்கள் என்பது வேறு விஷயம். அதைத்தான் பார்த்தேன்.

தெற்கு பிரான்சில் காஸ்தெல்நோதரி என்ற ஊரில் நான்கு மாதப் பயிற்சி. முதல் மாதம் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில். அது முடியும்போது ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் முழுப் பாரத்தோடு ஒரு நடை. நடந்து முடித்தவர்களுக்குத்தான் அந்தப் பிரசித்தி பெற்ற வெள்ளைத் தொப்பி. சேருகிறவர்கள் எத்தனையோ நாட்டுக்காரர்கள். பலருக்குப் பிரெஞ்சில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் வழி எளிமையானது. பிரெஞ்சு தெரிந்த ஒருவனோடு தெரியாதவனைச் சேர்த்து ஜோடி ஆக்கிவிடுகிறார்கள். அந்த ஜோடிக்கு 'பினோம்' என்று பெயர். தெரிந்தவன்தான் தெரியாதவனுக்குப் பொறுப்பு.

ஏப்ரல் 30 அவர்களுக்குப் பெரிய நாள். 1863ல் அதே தேதியில் மெக்சிகோவில் கமெரோன் என்ற இடத்தில் கேப்டன் தான்ழூ தலைமையில் 65 பேர், சுமார் 2000 பேரை எதிர்த்து ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். கேப்டன் செத்துப்போனார். கடைசியில் நிற்கக்கூடிய நிலையில் மிஞ்சியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். சரணடையச் சொன்னபோது அவர்கள் போட்ட நிபந்தனை, ஆயுதங்கள் எங்களிடமே இருக்க வேண்டும், காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது. எதிரி ஒத்துக்கொண்டான். கேப்டனுடைய மரக்கை இன்றைக்கும் மார்செய் பக்கத்தில் ஓபாஞ் நகரில், படையின் தலைமையகத்தில் இருக்கிறது. அந்த நாளின் காலையில் சிப்பாய்களுக்கு அதிகாரிகள்தான் காப்பி பரிமாறுகிறார்கள். கிறிஸ்மஸ் இரவில் அதிகாரிகள் தங்கள் குடும்பத்தோடு இல்லாமல் சிப்பாய்களோடு இருக்கிறார்கள்.

இதைவிட என் மனதைத் தொட்டது இன்னொன்று. எக்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் புய்லுபியே என்று ஒரு கிராமம். அங்கே 1950களிலிருந்து அந்தப் படைக்குச் சொந்தமான ஒரு எஸ்டேட் இருக்கிறது. காயம்பட்டவர்கள், வயதானவர்கள், போக வீடு இல்லாதவர்கள் அங்கே தங்கலாம். திராட்சைத் தோட்டம் இருக்கிறது. ஒயின் செய்கிறார்கள். முடிந்தவர்கள் புத்தகம் பைண்டு செய்கிறார்கள், மண்பாண்ட வேலை செய்கிறார்கள். சண்டையில் காயம்பட்டவன் அந்நிய நாட்டானாக இருந்தாலும், சிந்திய ரத்தத்தின் பேரிலேயே பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கலாம் என்று 1999ல் சட்டமும் போட்டிருக்கிறார்கள்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். காஸ்தெல்நோதரியில் ஒருவனை வாட்டி எடுக்கும் உரிமை அந்தப் படைக்கு எங்கிருந்து வருகிறது? புய்லுபியேயிலிருந்து வருகிறது. "நீ விழுந்தால் தூக்குவோம், வயதானால் வைத்துக்கொள்வோம்" என்று சொல்லி அதைச் செய்தும் காட்டுகிற இடத்துக்குத்தான் "ஐம்பது கிலோமீட்டர் நட" என்று சொல்ல வாய் இருக்கிறது. நம் கம்பெனிகள் காஸ்தெல்நோதரியை மட்டும் மலையடிவாரத்துக்குக் கொண்டுவருகின்றன. புய்லுபியேயைக் கொண்டுவருவதில்லை.

பேரனோடு அந்த முகாமில் முதலாவதாக வந்த ஒரு பையன் இருந்தானாம். மூட்டையோடு எல்லோரையும் முந்தி ஓடினவன். அவனுக்கு ஒரு கோப்பை கொடுத்து, தோளில் கை போட்டுப் படமும் எடுத்துக்கொண்டார்கள். ஆறாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஆட்குறைப்பு என்று அவனுக்கு மெயில் வந்தது. மத்தியானத்துக்குள் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கம்பெனிக்கு நஷ்டம் என்றால் ஆட்களைக் குறைக்கத்தான் செய்வார்கள், அது தொழில், புரிகிறது. ஆனால் ஆறு வாரத்துக்கு முன்னால் 'நாம் ஒரு படை, யாரையும் விட்டுவிட மாட்டோம்' என்று கோஷம் போடவைத்தது எதற்கு?

மணி விஷயத்துக்கு வருகிறேன். கொரனாடோவில் மணி ஏன் இருக்கிறது? எவனும் கட்டாயத்தின் பேரில் அங்கே இல்லை என்பதைக் காட்டுவதற்கு. வந்தவன் தானாக வந்தவன், எந்த நிமிஷமும் போகலாம். போனால் கடற்படையில் வேறு வேலைக்குப் போவான், அவ்வளவுதான். விற்பனைப் பிரிவில் இருக்கிற பையன் தானாகவா அந்த மலையடிவாரத்துக்கு வந்தான்? வரமாட்டேன் என்றால் வருஷ மதிப்பீட்டில் கை வைப்பார்கள் என்று பயந்து வந்தான். மாதத் தவணை கட்டுகிறவனுக்கு மணி அடிக்கிற சுதந்திரம் ஏது? அதையும் வீடியோ எடுத்தால் அது மணி இல்லை, தண்டோரா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரியில் அந்த நரக வாரத்தை முழுதாக முடித்த 24 வயதுப் பையன் ஒருவன், முடித்த சில மணி நேரத்திலேயே இறந்துபோனான். நிமோனியா. அடுத்த வருஷம் வெளியான கடற்படையின் விசாரணை அறிக்கை, பயிற்சியை நடத்திய விதத்திலும் மருத்துவக் கண்காணிப்பிலும் இருந்த குறைகளைச் சுட்டிக்காட்டியது. மணி அடிக்காமல் முடித்த பையன் அவன். உலகத்திலேயே வசதி மிக்க கடற்படை, டாக்டர்கள் எல்லாம் இருந்தும் அங்கேயே இப்படி நடக்கிறது. ஒரு முதலுதவிப் பெட்டியும் ஒரு விசிலும் வைத்துக்கொண்டு நடத்துகிற முகாமில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "மணியை மட்டும் அடிச்சுடாதே" என்ற என் குரலே காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்படியானால் பட்டாளத்திடமிருந்து ஆபீஸ்காரன் கற்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. நிறையவே இருக்கிறது. அதைக் கற்க மலையடிவாரத்துக்குப் போக வேண்டியதில்லை. எனக்கு அது ஆபீசிலேயே கிடைத்தது, அப்போது அதற்குப் பெயர் தெரியாது.

1970களில் நான் இளநிலை எழுத்தராகச் சேர்ந்தபோது என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். படித்தது பிரெஞ்சு. ஆபீஸ் நடப்பது ஆங்கிலத்தில். முதல் வாரம் ஒரு கோப்பைக் கையில் கொடுத்தார்கள். அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நாள் முழுக்கப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த முதுநிலை எழுத்தர் கடலூர் பக்கத்துக்காரர், தமிழ்வழியில் படித்தவர். ஆங்கிலக் குறிப்பு எழுதுவதில் புலி. அவருக்கு இருந்த ஒரே தலைவலி பழைய பிரெஞ்சுப் பதிவேடுகள். ஒரு வரி புரியாது. எங்கள் சூப்பிரண்டு இரண்டு பேரின் மேசையையும் சேர்த்துப் போட்டார். "நீ அவருக்குப் பிரெஞ்சைப் படிச்சுச் சொல்லு. அவர் உனக்கு நோட் எழுதச் சொல்லிக்கொடுப்பார். ஒருத்தர் கோப்பு நின்னாலும் ரெண்டு பேரையும் கேட்பேன்" என்றார். ஆறு மாதத்தில் நான் தேறிவிட்டேன். அந்நியப் படையின் பினோம் பற்றி இப்போது படிக்கும்போது அந்த இரண்டு மேசைகள்தான் ஞாபகம் வந்தன.

இன்னொரு சம்பவம். நான் முதுநிலை எழுத்தரான பிறகு நடந்தது. ஓய்வு பெற்ற ஒரு பியூனின் பென்ஷன் கணக்கைப் போடும்போது, பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவர் செய்த சர்வீசில் ஒரு பகுதியை நான் விட்டுவிட்டேன். வெட்கக்கேடு என்னவென்றால், அந்தப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவன் அந்தப் பிரிவில் நான் ஒருவன்தான். கோப்பு ஆட்சேபணையோடு திரும்பி வந்தது. பென்ஷன் நான்கு மாதம் தள்ளிப்போனது. மேலதிகாரி எல்லோரையும் கூப்பிட்டு, "யார் செய்தது?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. எங்கள் சூப்பிரண்டு எழுந்து, "என் பிரிவில் நடந்தது. கையெழுத்துப் போட்டது நான். தவறு என்னுடையது" என்றார். என் பெயர் அவர் வாயிலிருந்து வரவேயில்லை. வெளியே வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. "கணக்கைத் திருத்து. உத்தரவு வந்ததும் தபாலில் போடாதே. நீயே அந்த ஆள் வீட்டுக்குப் போய்க் கொடு" என்றார்.

போனேன். கூரை வீடு. அவர் மனைவி எனக்கு மோர் கொடுத்தார். அந்த நான்கு மாதமும் கடையில் கடன் வாங்கிச் சாப்பிட்டோம் என்று சாதாரணமாகச் சொன்னார், என் தவறு என்று தெரியாமலே. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை எந்தப் பென்ஷன் கோப்பையும் நான் மூன்று முறை சரிபார்க்காமல் அனுப்பியதில்லை. எந்த மணல் மூட்டையும் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்திருக்காது.

ஜாக்கோ வில்லிங்க் என்ற முன்னாள் சீல் அதிகாரி, 2015ல் தன் தோழர் ஒருவரோடு சேர்ந்து எழுதிய புத்தகம் கம்பெனி மேலாளர்களிடையே ரொம்பப் பிரபலம். 2006ல் இராக்கில் ரமாதி நகரில் குழப்பத்தில் தன் பக்கத்து ஆட்களே ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். நேச நாட்டுச் சிப்பாய் ஒருவர் இறந்தார். விசாரணையில் யார் யாரையோ கைகாட்ட வழி இருந்தும், தலைவன் நான், தவறு என்னுடையது என்று எழுந்து சொன்னதாக அவர் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எங்கள் சூப்பிரண்டு முகம்தான் தெரிந்தது. இப்போது அதே புத்தகத்தைப் படித்த மேலாளர்கள் கீழே இருப்பவர்களைப் பார்த்து, "நீ பொறுப்பேற்றுக்கொள்" என்கிறார்களாம். தலைவன் தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியதைச் சிப்பாய்க்குச் சொன்னால் அது பாடம் இல்லை, பழி போடுதல்.

பட்டாளப் பாடம் எல்லாமே மேலிருந்து கீழே வர வேண்டியது. அதிகாரி கடைசியில் சாப்பிடுகிறானா? தவறு நடந்தால் முதலில் எழுந்து நிற்கிறானா? தெரியாதவனைத் தெரிந்தவனோடு சேர்த்து உட்காரவைக்கிறானா? நொண்டுகிறவன் பையை யாராவது வாங்குகிறார்களா? இந்த நான்கும் உள்ள ஆபீசில் சேற்றில் தவழச் சொன்னாலும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தவழ்வார்கள். இந்த நான்கும் இல்லாத இடத்தில் மூன்று நாள் என்ன, மூன்று மாதம் மணல் மூட்டை தூக்கினாலும் ஒருவனுக்கு ஒருவன் துணையாக மாட்டான். முதுகுவலிதான் மிச்சம்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் கஷ்டப்பட்டு வந்தவர்கள். சைக்கிளில் போனோம், தெரு விளக்கில் படித்தோம் என்று சொல்லிச் சொல்லியே, கஷ்டம் என்றாலே நல்லது என்ற நினைப்பு நமக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் வேலையிடத்தில் சிரமம் என்று போன் செய்தால், "எங்க காலத்துல..." என்று ஆரம்பித்துவிடுகிறோம். நம் காலத்தில் ஐம்பத்தெட்டு வயது வரை வேலை நிச்சயம், அதற்குப் பிறகு பென்ஷன் நிச்சயம். புய்லுபியே நமக்கு இருந்தது. அந்த உத்தரவாதத்தின் மேல் நின்றுகொண்டுதான் நாம் பல்லைக் கடித்தோம். அது இல்லாத பிள்ளைகளைப் பார்த்துப் பல்லைக் கடி என்று சொல்ல நமக்கு வாய் இல்லை. இனிமேல் போன் வந்தால் முதலில் "அங்க உன்கூட யார் இருக்காங்க?" என்று கேளுங்கள்.

பேரனிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ தாத்தா, நீ என்ன பண்ணுவே" என்றான். வேறு இடத்தில் வேலை தேடிக்கொண்டிருக்கிறான். என் தோழனின் கேள்வியை அவனிடம் சொன்னேன். "இதை இன்டர்வியூல கேட்டா அப்படியே வெளியே அனுப்பிடுவாங்க" என்று சிரித்தான். "கேட்க வேணாம்டா. அங்க வேலை பார்க்கிற யாராவது ஒருத்தரோட ஒரு டீ குடி. போன வருஷம் உடம்பு சரியில்லாம படுத்தப்ப உங்க வேலையை யார் பார்த்தாங்கன்னு சாதாரணமா விசாரி. தெரிஞ்சிடும்" என்றேன்.

ஊருக்குத் திரும்பும் அன்று அவனைப் பஸ் ஸ்டாண்டில் விடப் போனேன். கால் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. தோளில் பெரிய பை. நான் வாங்கப் போனேன். "வேணாம் தாத்தா, கனமா இருக்கு, உனக்கு முடியாது" என்றான். உண்மைதான், எனக்கு முடியாது. பையைத் திறந்து, என் மனைவி கட்டிக்கொடுத்த ஊறுகாய் பாட்டிலையும் முறுக்கு டப்பாவையும் எடுத்து என் கையில் வைத்துக்கொண்டேன். பஸ் வரைக்கும் அப்படியே நடந்தோம்.